தவறைச் செய்து காட்டும் வேலை

தக்குவாரெம்போ,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் நிபியாவுக்கு,

உன் அப்பா தொர்வால், என் கையாலேயே எழுதுகிறேன். எனக்கு உடம்பு சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. வலென்சியாவில் நீயும் குழந்தை ஹிமேனாவும் குளிருக்கு அடக்கமாக, நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியின் வசவுக்கு மட்டும் அடங்காமல், நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் இந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. சுல்மா டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கல்லூரிப் பண்ணை வேலைக்காரர்களைப் பிடித்து கேன்டீனில் பிற்பகல் வகுப்பு எடுத்தார். மற்றவர்கள் ரொட்டி தீர்ந்ததும் எழுந்து போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது பார், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எப்படி ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று! எழுத்தும் கன்றுகள் மாதிரிதான். முன்னால் போவது வேலி தாண்டினால் பின்னால் வருவதெல்லாம் தாண்டுகிறது. ஒரு வரி நேராக முடிந்தால் நானே சத்தம் போட்டுச் சிரிக்கிறேன். டீச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். உன் அம்மா எலிதா இருந்திருந்தால் இந்த வயதில் இதென்ன கூத்து என்று கேட்டுவிட்டு, ரகசியமாக ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள்.

முதல் கடிதத்தில் நம் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கி வைத்திருப்பதை எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீ கேட்டபடி, யூகலிப்டஸ் மரங்கள் தெரிகிற மாதிரி. அதை எழுத முடியவில்லை. வேறு எழுத வேண்டியிருக்கிறது.

நீ கேன்டீன் போனில் கூப்பிட்ட அன்று கேன்டீன்காரன் வாஷிங்டன் அடுப்படியிலிருந்தே கத்தினான். "தொர்வாலு, ஸ்பெயின்ல இருந்து ஒம் மக! ஓடியா, ஓடியா!" நான் வாயெல்லாம் சிரிப்பாக வந்து எடுத்தேன். நீ எப்போதும்போல் நலம் கேட்கவில்லை. "அது நீங்கதானாப்பா?" என்று மட்டும் கேட்டாய். கேன்டீன் நிறைய மாணவர்கள். எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போனை வைத்துவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு ஹிமேனாவை அழைத்துக்கொண்டு வருவதாக, இனி இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆமாம் நிபியா, நான்தான். அந்தக் கம்பளித் தொப்பி, அந்தச் சாய்ந்த நடை, அந்தக் கரண்டுக் கோலைப் பிடித்திருக்கும் கை, எல்லாம் உன் அப்பாவுடையதுதான். ஆனால் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் மீதியையும் கேள். போனில் ஓடுகிற அந்தப் படத்தில் இருப்பது ஒரு துண்டு.

கை வலிக்கிறது. ஒரு குவளை மாத்தே இலைக் கஷாயம் குடித்துவிட்டு வருகிறேன்.

மறுபடி நான். உன் அப்பா கல்லூரியில் பாடம் நடத்துகிறார் என்று நீ அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். நானும் திருத்தவில்லை. பொய்யும் இல்லை. என்ன பாடம் என்றுதான் உனக்குச் சொன்னதில்லை.

லசார்த்தே டாக்டரம்மாவை உனக்குத் தெரியும். உன் அம்மா போனபோது ஒரு வாரம் எனக்கு சூப் கொண்டு வந்தவர். மாட்டு வைத்தியர்தான், ஆனால் அவர் கல்லூரிக்கு வந்தது மாட்டை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க. இறைச்சி மாட்டை அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, நாயை விடக் கூடாது. மாட்டின் தோளுக்குப் பின்னால் நீ நடந்தால் அது முன்னே போகும். முகத்துக்கு முன்னால் வந்தால் நிற்கும். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை அந்த மாடே சொல்லும். முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். அவர் நுனியில் துணி கட்டிய வெறும் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல், ஒரு பட்டி முழுவதையும் ஒரு மாடு மட்டுமே போகிற பலகைச் சந்துக்குள் அனுப்பியதைப் பார்த்த பிறகு என் சிரிப்பு நின்றது. திருப்பலிக்குப் போகிறவர்களைப் போல ஒவ்வொன்றாகப் போயின. அவர் சொல்வது சரி. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "தொர்வால் ஐயா, தப்பு எதுன்னு கண்ணால பாக்காம பசங்களுக்கு சரி எதுன்னு புரிய மாட்டேங்குது. பழைய முறையில ஒங்கள மாதிரி ஓட்ட இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், கண்ணு. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன்.

அதுதான் என் பாடம். மாணவர்கள் பட்டிக்கு மேலே பலகை மேடையில் நிற்பார்கள். நான் உள்ளே போய்த் தகர டப்பாவைத் தட்டி, விசில் அடித்து, தோல் போர்வையை வீசி, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி இளங்காளைகளை விரட்டுவேன். அவை திரும்பும், முட்டிக்கொள்ளும், சந்தின் வாயில் அடைத்துக்கொள்ளும். "இதுதான் தப்பான முறை" என்பார் டாக்டரம்மா. நான் தொப்பியை எடுத்துக் கும்பிடுவேன். கை தட்டுவார்கள். அப்புறம் அவர் இறங்கிச் சரியான முறையைச் செய்வார். அதற்குப் பிறகு மாணவர்களே ஒவ்வொருவராக உள்ளே இறங்க வேண்டும், மாட்டைத் தொட வேண்டும், கழுத்தில் ஊசி போட வேண்டும். தலைநகர் மோந்தேவிதேயோவிலிருந்து வந்த ஒரு பெண் முதல் தடவை முதுகில் கை வைத்துவிட்டு, "ஐயோ, சுடுது!" என்று கையை எடுத்துக்கொண்டாள். "உசுரோட இருக்குல்ல, பின்ன சுடாதா?" என்றேன். மேடையே சிரித்தது. நான் வேலியில் உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டு, இந்த வயதில் இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. இது உனக்குத் தெரியும். வேலை உள்ளவரை வீடு.

என்ன தவறு நடந்தது என்றால், மாடுகள் என்னைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டன.

எப்போதும் அதே இளங்காளைகள்தான். மற்ற மந்தையெல்லாம் ஆராய்ச்சிக்கு வைத்திருப்பவை. அவற்றை மிரட்டினால் எடை குறையும், கணக்கு கெடும், தொடக் கூடாது. வகுப்பு இல்லாத நாட்களில் இவற்றுக்குத் தவிடும் உப்பும் வைப்பதும் நான்தான். என் சத்தத்துக்குப் பிறகு வலி எதுவும் வருவதில்லை, தவிடு வருகிறது என்று அவை கண்டுபிடித்துவிட்டன. இந்த வருஷம் முதல் வகுப்பில் நான் தகரத்தைத் தட்டிக் கத்தினேன். எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தன. நான் பயந்து சந்துப் பக்கம் ஒதுங்கினேன். என் பின்னாலேயே சந்துக்குள் வரிசையாகப் போய்விட்டன!

ஃபகுண்டோ என்று ஒரு வாயாடிப் பையன். அவன் மேடையிலிருந்து, "டாக்டரம்மா, தாத்தாவோட தப்பு ஒங்க சரிய விட சீக்கிரமா முடிஞ்சிருச்சே! நாங்க எத எழுதிக்கிறது?" என்று கேட்டான். டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. அடுத்த வகுப்பில், "இன்னும் கொஞ்சம் கோவமா செய்யுங்க ஐயா" என்றார். அதற்கடுத்து நாயைக் கொண்டுவரச் சொன்னார். நாய் வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. "என்ன தாத்தா, கெட்டவனா இருக்க ஒங்களுக்குத் தெறம பத்தலயே" என்றான் ஃபகுண்டோ. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். தவறைச் செய்யத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?

டீச்சர் விளக்கை அணைக்கச் சொல்கிறார். மீதி நாளை.

திங்கட்கிழமை. மழை. டீச்சர் மாவு பிசைந்து ரொட்டி பொரிக்கிறார். எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் மன்னித்துக்கொள்.

அந்த நாளுக்கு வருகிறேன். இந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வெளியிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. சேறு படாத பூட்ஸ் போட்டவர்கள். முந்தின நாள் டாக்டரம்மா என்னை வகுப்பறைக்குக் கூப்பிட்டார். அங்கே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. நாம் இனிமேல் பயன்படுத்தக் கூடாத பொருட்கள் அதற்குள் இருக்கும்: ஆணி வைத்த தாற்றுக்கோல், நீளச் சாட்டை, தொட்டால் ஷாக் அடிக்கும் கரண்டுக் கோல். அவர் பூட்டைத் திறந்து கரண்டுக் கோலை எடுத்தார். கேன்டீனில் வாஷிங்டனிடம் புது பேட்டரி வாங்கி வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, இதத் தொட்டாலே பரிச்சையில பெயிலுன்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றேன்.

"அதனாலதான் ஐயா. ஒரே ஒரு தடவ. என்ன பண்ணக் கூடாதுன்னு அவங்க பாக்கணும்."

"வேற யாராச்சும் பண்ணட்டுமே."

"வேற யாரு? பசங்க கையில குடுக்க முடியுமா? நான் பண்ண முடியுமா?" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, நல்ல மனசோடுதான் சொன்னார்: "ஒங்க வீட்டுக் காகிதம் இந்த மாசம் புதுப்பிக்கணும்ல? ஒங்க மக வேற வர்றான்னு சொன்னீங்க. நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன்."

இதை உன் தலையில் போடுவதற்காக எழுதவில்லை, நிபியா. நடந்ததை விடாமல் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

காலையில் டாக்டரம்மா பசுக்களை வைத்துச் சரியான முறையைக் காட்டினார். அழகாக இருந்தது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். பிறகு என் முறை. கோலைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டு பட்டிக்குள் போனேன். இளங்காளைகள் என்னைப் பார்த்ததும் வந்தன. முன்னால் வந்த வெள்ளை முகத்துக்காரன் என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தான். உப்பு தேடுகிறான். மேடையில் யாரோ, "ஆகா" என்றார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

அவன் தோளில் வைத்து அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. டீச்சரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார். ஆனால் படத்தில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவை ஓடவில்லை. அடி எங்கிருந்து வந்தது என்று புரியாமல், இடி இடிக்கும்போது வருவது மாதிரி என்னிடமே நெருங்கி வந்தன. நான் நின்ற இடம்தான் பத்திரம் என்று நினைத்தன. நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி. அப்போதுதான் அவற்றுக்குப் புரிந்தது. ஒரே நேரத்தில் எல்லாம் சந்தின் வாயில் பாய்ந்தன. வெள்ளை முகத்துக்காரன் விழுந்தான், மற்றவை அவன் மேல் ஏறிப் போயின. முன்னங்கால் முறிந்துவிட்டது. டாக்டரம்மாவே வந்து ஊசி போட்டு அவன் உயிரை முடித்தார். 

"பாத்தீங்களா, இப்பிடித்தான் செய்யக் கூடாது" என்று மேடையைப் பார்த்துச் சொன்னார். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் சொன்னார். பெரியவர்கள் எழுதிக்கொண்டார்கள். பாடத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

மேடையில் யார் படம் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் எல்லோரும் எடுப்பார்கள். அதில் டாக்டரம்மா பேசுகிற இடம் இல்லை, மேடை இல்லை, பெரியவர்கள் இல்லை. ஒரு கிழவன், ஒரு கோல், விழுகிற மாடு. நாடு முழுக்கப் போயிற்று. நீ இருக்கிற இடம் வரைக்கும் வந்தது. ரேடியோவில் ஒரு ஆள் என்னை மிருகம் என்றான். மாட்டுக்காகக் கோபப்படுகிறவன், மனிதனைத் திட்ட மிருகத்தின் பெயரைத்தான் எடுக்கிறான்.

நீ கூப்பிட்டதற்கு அடுத்த நாள் கேன்டீன் கதவில் கல்லூரி ஒரு அறிவிப்பு ஒட்டியது. கூட்டமாக நின்றார்கள். நான் போனதும் வழி விட்டார்கள். வாஷிங்டன், "படிச்சுச் சொல்லட்டுமாடா?" என்றான். வேண்டாம் என்றேன். நானே படித்தேன், நிபியா. விரல் வைக்காமல், வாய் அசைக்காமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை! என் வாழ்க்கையில் முழுசாகப் படித்த முதல் அறிவிப்பு. தடை செய்யப்பட்ட கருவியைக் கல்லூரி விதிகளுக்கு மாறாகப் பயன்படுத்திய பண்ணைத் தொழிலாளி பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. "நீக்கப்பட்டார்" என்பது நீளமான வார்த்தை. அதில்கூட நான் தடுமாறவில்லை. சந்தோஷத்தில் திரும்பி வாஷிங்டனைப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். அப்புறம்தான் படித்தது எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க ஐயா. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்" என்றார். நான் சண்டை போடவில்லை. "நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேட்டேன்.

"யாருக்கு? பேப்பர்காரனுக்கா?"

"எம் மகளுக்கு."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். கட்டாயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆள் அனுப்பினார். எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். கூடவே ஒரு கேக் வந்தது. கேக்கை வாஷிங்டனிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி எனக்குக் கிடைக்காததால்தான் இவ்வளவு வரியும் நானே எழுத வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்ததே என்று ஒரு பக்கம் குதிக்கத் தோன்றுகிறது. எழுத வேண்டியது இதுவா என்று இன்னொரு பக்கம்.

நான் இப்போது டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். விறகு பிளந்து கொடுக்கிறேன், கோழிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கோழிகள் என்னிடம் நெருங்கி வந்தால் நான் விலகிப் போய்விடுகிறேன். 

நேற்று ஃபகுண்டோ தேடிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நின்றான்.  உள்ளே கூப்பிட்டு மாத்தே கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, புது பேட்ச்சுக்கு நீங்க பண்ணுன மாதிரி செய்முறை இல்ல. ஒங்க படத்தத்தான் சுவத்துல போட்டுக் காட்டுறாங்க."

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"எங்கயோ எடுத்த படமாம். எந்த ஊருன்னு தெரியாதாம்." மாத்தே குவளையைத் திருப்பித் தந்தான். "மூஞ்சிய அழிச்சிட்டாங்க தாத்தா. புகை மாதிரி தெரியுது. ஒங்க மரியாதைக்காகன்னு சொன்னாங்க."

நான் சிரித்தேன். அவனும் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. இனி அவர்களுக்கு நான் வேண்டாம், நிபியா. படத்துக்கு வீடு கொடுக்க வேண்டாம். அது எத்தனை வருஷம் ஆனாலும் தவறைச் சரியாகச் செய்யும்.

சரி. நீ தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் எழுதிவிட்டேன். வீட்டை நம்பித்தான் புறப்படுவதாக இருந்தால் புறப்படாதே, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அங்கே இருக்கிற வேலையை விடாதே. என்னைப் பார்க்க வருவதாக இருந்தால், இந்த அறையில் ஒரு கட்டில் இருக்கிறது, நீயும் குழந்தையும் படுத்துக்கொள்ளலாம். இங்கே கிறிஸ்துமஸ் சமயம் கோடைதான், நான் வெளியே படுத்துக்கொள்வேன். நீ வராவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹிமேனா கையிலும் ஒரு நாள் போன் வரும். அந்தப் படம் எங்காவது அவள் கண்ணில் படும். "யாரும்மா இந்த ஆளு?" என்று உன்னைக் கேட்பாள். யாரோ ஒருவர் என்று சொல்லிவிடாதே, கண்ணு. சொல்வது சுலபம். எனக்குத் தெரியும். அவள் திட்டட்டும், அழட்டும், என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லட்டும். ஆனால் உன் தாத்தா என்று சொல்.

ஆண்டவர் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்திருக்கட்டும். காது மூடித் தூங்குங்கள், அங்கே காற்று பொல்லாதது என்கிறார்கள்.

உன் அப்பா,
தொர்வால் சில்வேரா